விருந்தினன் கடன்

ஒருவரும் தீங்கு நினையாத இடத்தும் தீங்கு விளையுமோ? விளையுமாயின் அதற்குப் பொறுப்பாவார் யார்? அன்பர்களே, இவ்வினாவை ஒரு நகரின் வாயிலாக ஆராய்வோம்.

லாவோஸ் நாட்டின் பழைய அரசநகர் லுவாங் பிரபாங். மேகாங் பேராறும் நாம் கான் ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது. அரசாட்சி 1975ஆம் ஆண்டில் மறைந்தது; ஆயினும் பதினாறாம் நூற்றாண்டில் செத்தாதிராத் மன்னன் எழுப்பிய சியெங் தோங் விகாரை இன்றும் நிற்கிறது. அங்கே விடியற்காலையில் பிக்குகளும் சாமணேரரும் வெறுங்காலினராய் வரிசையாக வீதிவழியே வருவர். இல்லத்தார் தத்தம் வாயிலில் முழந்தாளிட்டு, கூடையிலுள்ள சோற்றைக் கையால் எடுத்துப் பாத்திரங்களில் இடுவர். இருதிறத்தாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

1995ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பயணிகள் பெருகினர். பழைய வீடுகள் பல சிறு விடுதிகளாயின. வீட்டார் பலர் வீட்டை வாடகைக்கு விட்டு, நகரின் வெளிப்புறத்தே சென்று குடியேறினர். பயணி பழைமையைக் காண விரும்பினான், அது குற்றமன்று. வீட்டார் தம் மக்களின் நல்வாழ்வை விரும்பினர், அதுவும் குற்றமன்று. ஆயினும், சோறிட்ட கைகள் பல அவ்வீதியை விட்டு அகன்றன. அவை இருந்த இடத்தில் புகைப்படக் கருவி ஏந்திய கைகள் நிற்கின்றன.

எண்ணமே வினை என்பது புத்தர் பெருமானின் போதனை. ஆகவே, தீய எண்ணம் இல்லாத பயணிக்குப் பழியில்லை என்று சிலர் கூறுவர். அஃது அரை உண்மையே. விழிப்புடைமை நற்பண்புகள் அனைத்திற்கும் அடிப்படை என்று உரைத்தவரும் அப்பெருமானே அல்லரோ? அறியாதான் பிழையைப் பொறுக்கலாம். அறியக்கூடியதை அறிய மனமின்றி இருப்பதோ, தானே ஓர் எண்ணம். ஆதலின் அதுவும் வினையே.

அவ்வாறாயின் அந்நகருக்குச் செல்லாதிருப்பதே அறமோ? அன்று. விடுதியின் வருவாயால் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே உள. அவர்தம் உணவைப் பறிப்பது கருணையாகாது. செல்லுதல் தவறன்று, எவ்வாறு தங்குகிறோம் என்பதே வினா.

உரிமையாளர் குடும்பம் தானும் வாழும் வீட்டைத் தேடித் தங்குக. அவ்வீட்டார் விடியலில் சோறிடுவாராயின், அவர் வழிநின்று, அவர் கற்பிக்கும் முறைப்படி பணிந்து இடுக. மனம் ஒன்றாதவன் வீதியின் எதிர்ப்புறத்தே ஒதுங்கி, வாய்பேசாது நிற்க. பிக்குகளின் முகத்தெதிரே கருவியை நீட்டற்க. தானம் ஒரு காட்சியாகும்போது, கொடுப்பாரும் ஏற்பாரும் நடிகராகிவிடுகின்றனர்.

நாம் எவ்வூரில் ஓரிரவு தங்கினும், அப்படுக்கை முன்பு ஒருவர் வாழ்ந்த இடம் என்பதை நினைத்தல் வேண்டும். வாடகை கொடுத்தால் அறைக்குரிய கடன் தீரும். வீதிக்குரிய கடன், விழிப்போடு நடந்தாலன்றித் தீராது.