யாரைக் கேட்டார்கள்?

ஒரு நாட்டில் ஆட்சி மாறும்போது, ‘மக்கள் வென்றார்கள்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அரண்மனைக் கதவுகள் திறக்கின்றன. ஆட்சியாளர் நாட்டை விட்டு ஓடுகிறார். தெருவெங்கும் கொடிகள் பறக்கின்றன. அந்த மகிழ்ச்சியை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. அடக்குமுறைக்கு எதிராக வெறுங்கையோடு எழுந்து நிற்பது மனித மாண்பின் உயர்ந்த வெளிப்பாடுகளுள் ஒன்று. ஆயினும், அந்த வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தேர்தல் நடந்ததா, பெரும்பான்மை கிடைத்ததா என்று பார்ப்பது வழக்கம். அந்த அளவுகோல் தேவையானதே, ஆனால் போதுமானதன்று. ‘இந்த முடிவால் யாருடைய வாழ்வு மாறப்போகிறதோ அவர்களை யாரேனும் கேட்டார்களா?’ என்னும் இன்னொரு கேள்வியையும் அதனருகில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நம் நாட்டைச் சுற்றியுள்ள சிறிய நாடுகளையே எடுத்துக்கொள்வோம். 2008ஆம் ஆண்டு அவற்றுள் மூன்றுக்கு மறக்க முடியாத ஆண்டு. நேபாளத்தில் அரசியல் நிர்ணய சபை மே 28 அன்று முடியாட்சியை ஒழித்து, நாட்டைக் குடியரசாக அறிவித்தது. பூட்டானில் அரச குடும்பமே முன்வந்து மக்களாட்சிக்கு வழிவிட, முதல் பொதுத்தேர்தல் நடந்தது. மாலத்தீவில் 30 ஆண்டுகள் ஆண்ட மௌமூன் அப்துல் கயூம், பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தலில் முகமது நஷீதிடம் தோற்றார். ஒன்றில் கிளர்ச்சியாலும், ஒன்றில் அரசனின் கொடையாலும், ஒன்றில் வாக்குச்சீட்டாலும் மாற்றம் வந்தது.

பின்னர் நடந்தவையோ நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. நஷீத் 2012 பிப்ரவரியில் பதவி விலக நேர்ந்தது. தம்மைத் துப்பாக்கி முனையில் விலக வைத்தார்கள் என்று அவர் குற்றஞ்சாட்டினார். நேபாளம் 2015 செப்டம்பரில் புதிய அரசியல் சாசனத்தை ஏற்றபோது, தென் சமவெளியில் வாழும் மாதேசி மக்களும் தாரு மக்களும் தங்களைப் புறக்கணித்த சாசனம் இது என்று எதிர்த்தனர். எல்லைப் போக்குவரத்து மாதக்கணக்கில் தடைபட்டது. அதே குடியரசில் 2025 செப்டம்பரில் இளைஞர்கள் ஊழலுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரதமர் சர்மா ஒலி பதவி விலகினார். பூட்டானின் அமைதியான மாற்றத்தை உலகம் பாராட்டியது. ஆனால் 1990களின் தொடக்கத்திலேயே நேபாளி மொழி பேசிய ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு நேபாளத்தின் முகாம்களில் கிடந்தார்கள். 2008இன் முதல் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. பின்னர் அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய தொலைநாடுகளில் குடியேறினர். கணக்கில் வராதவர்களை முன்னமே அகற்றிவிட்டால், எந்தத் தேர்தலும் அமைதியாகத்தான் நடக்கும்.

இந்தக் கேள்வி நம்மை மிக நெருங்கித் தொடுவது இலங்கையில்தான். ஆசியாவிலேயே முதன்முதலாக, 1931இல், வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு அது. 1947 தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948 பிப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் அந்த நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அந்தத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களது வாக்கையும் பறித்தது. சர்வாதிகாரி எவரும் இதைச் செய்யவில்லை. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், முறையாகக் கை உயர்த்தி, பெரும்பான்மை வாக்கில் செய்தார்கள். இதனை எதிர்த்துப் பிரிந்து வந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. முதலில் மிக எளியவர்களின் குரல் அடைக்கப்பட்டது. அந்த வழக்கம் பழகிப்போன பின் அடுத்தவர்களின் முறை வந்தது.

1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்ணிக்கையே முதலில் முடிவாயிற்று. மனிதர்களின் விருப்பம் அதன் பின்னரே கேட்கப்பட்டது. இலங்கையிலேயே இருக்க விரும்பி மனுச் செய்தவர்கள் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையைவிட மிகுதியாக இருந்தார்கள். இரண்டு மக்களாட்சி நாடுகள் நட்போடு கலந்து பேசிச் செய்த ஏற்பாடு இது. பகை மட்டும்தான் மனிதரைச் சிதைக்கும் என்பதில்லை. அவர்களைக் கேளாத நட்பும் சிதைக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சி நம் வானூர் வட்டாரத்தின் எல்லையை ஒட்டியே நடந்திருக்கிறது. புதுச்சேரிப் பகுதிகள் நம் ஊர்களுக்கிடையே திட்டுத்திட்டாகக் கிடப்பவை. வெள்ளையர் காலத்தில் ஒரு வரப்பைத் தாண்டினால் ஆங்கிலேயர் சட்டம் போய்ப் பிரெஞ்சுச் சட்டம் வந்துவிடும். அந்த ஆட்சி முடிவுக்கு வந்தபோது, 1954 அக்டோபர் 18 அன்று, கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி முழுமை பெற்றது. பிரெஞ்சுக் குடிமக்களாக நீடிக்க விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து அவ்வாறே நீடிக்கலாம் என்றும் உடன்படிக்கை இடமளித்தது. அங்கே பொதுமக்கள் ஒவ்வொருவரும் நேராக வாக்களிக்கவில்லை. ஆகவே அது குறையற்ற ஏற்பாடு என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், ‘நீ எந்த நாட்டவனாக இருக்க விரும்புகிறாய்?’ என்று ஒரு தனி மனிதனைப் பார்த்து அரசு கேட்டது. எதிர்த்த எட்டுப் பேரின் வாக்கும் எண்ணிப் பதியப்பட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்குக் கிட்டாத மரியாதை இது.

திருநூலிலும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு. சாலமோன் இறந்தபின் செக்கேமில் கூடிய மக்கள், தந்தை சுமத்திய நுகத்தைக் குறைக்குமாறு மகன் ரெகபெயாமிடம் வேண்டினர். இம்மக்களுக்குப் பணியாளனாய் இரு என்று முதியோர் அறிவுறுத்தினர். அவனோ தன்னோடு வளர்ந்த இளைஞரின் பேச்சைக் கேட்டு, சுமையை இன்னும் கூட்டுவேன் என்றான். நாடு இரண்டாக உடைந்தது. நாம் வழக்கமாக இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கதை இன்னும் நீள்கிறது. வடநாட்டு மக்கள் தாங்களே விரும்பி அரசனாக்கிய எரொபவாம், தன் அரியணைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று அஞ்சிப் பொற்கன்றுகளைச் செய்து வைத்தான். கொடியவனை விலக்கியதால் மட்டும் நல்லாட்சி பிறந்துவிடவில்லை. அச்சத்தால் ஆள்கிறவன், மக்களே தேர்ந்தவனாயினும், பொய்த்தெய்வத்தைத் தேடுகிறான். நம் காலத்தில் அந்தப் பொற்கன்று இனத்தின் பெயராலோ மொழியின் பெயராலோ மதத்தின் பெயராலோ நிற்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா நாளன்று, இலங்கையின் ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த அச்சத்தின் நடுவே, நாட்டின் பாதுகாப்பை முன்னிறுத்திய கோத்தாபய ராஜபக்ச நவம்பரில் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்றாண்டுகள் முழுதாக முடியுமுன்பே எரிபொருளும் மருந்தும் இன்றி நாடு தவித்தது. 2022 ஜூலை 9 அன்று மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். அவர் மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் சென்று பதவி விலகினார். அந்தப் போராட்டக் களத்தில், அவ்வாண்டு மே 18 அன்று, கொழும்புக் காலிமுகத்திடலில், முள்ளிவாய்க்காலில் மாண்ட தமிழரையும் நினைவுகூர்ந்தார்கள். பசித்தபோதுதான் பலருக்கு அடுத்தவர் அழுகை கேட்டது என்றாலும், கேட்டது நன்று. 2024இல் அநுர குமார திசாநாயக்க அதிபரானார்; அவரது கூட்டணி 225 இடங்களில் 159ஐப் பெற்றது; யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் பிடித்தது. இவை நம்பிக்கை தரும் அடையாளங்கள். எனினும், வட மாகாண சபைக்கு 2013இல்தான் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது என்பதையும், 2018இல் அதன் காலம் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன என்பதையும் மறப்பதற்கில்லை.

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நீரை உள்ளே விடுவது எளிது. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் முதிரவைத்து, வரப்பு உடையாமல் காத்தால்தான் உப்பு விளையும். மழைக்காலம் கழிந்தபின் கரைந்த வரப்புகளை ஆண்டுதோறும் மீண்டும் கட்ட வேண்டும். கிளர்ச்சியும் தேர்தலும் நீரை உள்ளே விடும் வேலை. சட்டத்தின் முன் சமநிலை, அஞ்சாத நீதிமன்றம், சிறுபான்மையோருக்குக் காப்பு ஆகியவை வரப்புகள். அவை இல்லாத இடத்தில் வெற்றிவிழா உண்டு, விளைச்சல் இல்லை.

அயல்நாட்டாரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டுப் பக்கம் திரும்பாமல் இருப்பது நேர்மையாகாது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகம் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாநிலமெங்கும் இத்தகைய முகாம்களில் வாழ்ந்து வருகிறார்கள். 2021இல் தமிழக அரசு இவற்றை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்கும் ரூ.317 கோடி அளவில் திட்டங்களை அறிவித்தது. பாராட்டத்தக்க செயல். ஆனால் இங்கே பிறந்தும் இவர்களுள் மிகப் பலர் இந்தியக் குடிமக்கள் அல்லர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை என்கிறது சட்டம். 2004 டிசம்பருக்குப் பின் அது இன்னும் இறுகியது. 2019இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றிலிருந்து வந்த சில பிரிவினருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் சேரவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பயண ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025இல் மத்திய அரசு விலக்களித்தது. தண்டனை இல்லை என்பது ஆறுதலே. ஆனால் அது உரிமையாகாது.

ஒரு நாடு யாரைக் குடிமக்களாக ஏற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்நாட்டுக்கே உரியது என்பார்கள். உண்மைதான். பாதுகாப்பைப் பற்றிய கவலையும் வீண் அன்று. இன்னொரு சாரார், ‘எல்லாருக்கும் இங்கே குடியுரிமை தந்துவிட்டால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறைந்துவிடாதா?’ என்று கேட்பார்கள். இதிலும் பொருள் உண்டு. ஆனால் இரு சாராரும் இவர்களை எண்ணிக்கையாகவே பார்க்கிறார்கள். 1964இல் நடந்ததும் அதுதானே? திரும்பிப் போக ஏங்குகிற முதியவர் இருக்கலாம். இந்த மண்ணைத் தவிர வேறு மண் அறியாத அவருடைய பேத்தியும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஒவ்வொருவரையும் கேட்டு, திரும்ப விரும்புவோர் மாண்போடு திரும்பவும், தங்க விரும்புவோர் மாண்போடு தங்கவும் வழி செய்வதே நீதி. கீழூருக்குப் பின் பிரெஞ்சு இந்தியருக்குச் செய்ய முடிந்ததை, கீழ்புத்துப்பட்டில் செய்ய முடியாது என்பதற்கு வலுவான காரணம் நமக்குத் தென்படவில்லை.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1963இல் வெளியிட்ட ‘அவனியில் அமைதி’ என்னும் சுற்றுமடல், நாட்டை இழந்தவன் மனித உரிமைகளை இழந்தவன் அல்லன் என்று தெளிவாகக் கற்பிக்கிறது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை நினைத்து, உங்களிடையே வாழும் அந்நியரை உங்களைப்போல் நேசியுங்கள் என்ற பழைய கட்டளையின் தொடர்ச்சியே இது. அந்தக் கட்டளை அரசுகளுக்கு மட்டும் தரப்பட்டதன்று. ஊரவையிலும் பங்குப் பேரவையிலும் குடும்பத்திலும்கூட நாம் பெரும்பான்மையால் முடிவெடுக்கிறோம். அங்கே சேரியிலிருந்து வந்தவரை, பெண்களை, கூலிக்கு உப்பு வாருபவரைக் கேட்ட பிறகா முடிவெடுக்கிறோம், முடிவெடுத்த பிறகா தெரிவிக்கிறோம்?

அண்டை நாட்டில் அரண்மனைக் கதவு திறக்கும்போது நாம் கைதட்டுவோம், அதில் தவறில்லை. ஆனால் அன்று மாலையே நம் ஊர் முகாமின் வாயில்வரை நடந்து சென்று, அங்குள்ள ஒருவரிடம், ‘நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?’ என்று கேட்போமாக. விடை சொல்ல அவர்களுக்குத் தெரியும். நாற்பதாண்டுகளாக அதைக் கேட்க வந்தவர்கள்தாம் மிகக் குறைவு.