மூன்று புள்ளிகளும் ஒரு வளைவும்

வரையப்பட்ட பரவளைவொன்றின் சமன்பாட்டைக் காண்பது பாடசாலை மாணவர்க்கும் எளிது. அச்சு நிலைக்குத்தாக அமைந்திருப்பின், வளைவிலுள்ள மூன்று புள்ளிகளின் ஆள்கூறுகளைக் கொண்டு இருபடிச் சமன்பாட்டின் மூன்று குணகங்களையும் பெற்றுவிடலாம். சான்றாக, (0, 1), (1, 2), (2, 5) என்னும் புள்ளிகளினூடாகச் செல்லும் பரவளைவில், நிலைக்குத்துத் தூரம் கிடைத்தூரத்தின் வர்க்கத்திலும் 1 கூடியதாகும்.

ஆனால், அது பரவளைவென்று நமக்குக் கூறியது யாது? புள்ளிகள் கூறவில்லை. கிடைத்தூரம், அதனிலும் 1 குறைந்த எண், 2 குறைந்த எண் ஆகிய மூன்றின் பெருக்கத்தை அச்சமன்பாட்டோடு கூட்டினால் வரும் முப்படி வளைவும் அதே புள்ளிகளினூடாகவே செல்கின்றது. கிடைத்தூரம் 3 ஆகும்போது முன்னையது 10 என்னும். பின்னையது 16 என்னும். நான்காம் புள்ளியைக் குறித்தாலும் ஐயம் முற்றாகத் தீராது. எத்தனை புள்ளிகளைக் குறிப்பினும் அவையனைத்தினூடாகவும் செல்லும் வேறு வளைவுகள் எண்ணிறந்தன. வரைபு எண்களைத் தருகின்றது. வடிவத்தையோ நாமே முன்னர்க் கருதிக்கொள்கின்றோம்.

இவ்வாறு கருதுதல் அறிவுக்கு இழுக்காகுமா? ஆகாது. எட்மண்ட் ஹலி 1705 இல் வெளியிட்ட நூலில் 24 வால்வெள்ளிகளின் பாதைகளைப் பரவளைவுகளாகக் கொண்டே கணித்தார். மிக நெடிய நீள்வளையமும் ஞாயிற்றின் அருகே பரவளைவினின்று வேறுபடுத்தியறிதற்கரியது. அவதானங்களும் அப்பகுதிக்கே உரியனவாயிருந்தன. எனினும், 1531, 1607, 1682 ஆம் ஆண்டுகளில் தோன்றியவற்றின் பாதைகள் பெரிதும் ஒத்திருத்தலைக் கண்ட அவர், கணிப்புக்கு உதவிய வடிவத்தையே உண்மையெனப் பற்றி நிற்கவில்லை. பரவளைவிற் செல்வது மீளாது. இவையோ ஒரே வால்வெள்ளியின் மீள்வரவுகள் எனத் துணிந்து, அது 1758 இல் மீண்டும் தோன்றும் என்றார். 1742 இல் அவர் மறைந்தார். 1758 டிசெம்பர் 25 அன்று அவ்வால்வெள்ளி காணப்பட்டது.

எளிய வடிவத்தை முதலிற் கருதுவது முறையே. ஆயின், எளிமை நமது தேவை. இயற்கை நமக்களித்த வாக்குறுதியன்று. இதனை மறத்தலே பிழை.

மனிதரை மதிப்பிடுங்கால் இப்பிழை கொடிதாகின்றது. ஒருவரின் இரண்டு மூன்று செயல்களைக் கண்டு அவரது வாழ்வு முழுமைக்கும் சமன்பாடு எழுதிவிடுகின்றோம். மூன்று விடைத்தாள்களைக் கொண்டு ஒரு மாணவனையும், மூன்று மனிதரைக் கொண்டு ஒரு சமூகத்தையும் அளந்துவிடுகின்றோம். நான்காம் செயல் நமது வளைவில் அமையாதபோது அதனை நடிப்பென்று தள்ளுகின்றோம். வரைபிற் செய்த தவறால் நாம் ஒரு விடையை இழப்போம். இங்கு மற்றொருவர் தமது மதிப்பை இழக்கின்றார். ஆதலின், கருதுகோளை மறுக்கும் புள்ளிக்கும் தாளில் இடம் விட்டு வைத்தல் கணிதத்தின் முறை மட்டுமன்று, நீதியின் முறையுமாகும்.