பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

மரக்காணம் பக்கத்தில் கூனிமேடு. அங்கே ஓர் ஆலோசகரிடம் ஆட்டிசம் உள்ள பையனை அம்மா கூட்டிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறான், சரிபண்ணுங்க." அது அவன் இயல்பு, திருத்தத் தேவையில்லை என்று ஆலோசகருக்குப் படுகிறது. தான் நினைப்பது சரிதானா? யாரிடம் கேட்பது?

1950களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட், பொது மருத்துவர்களைக் குழுவாக உட்காரவைத்து, தங்களைக் குழப்பும் நோயாளிகளைப் பற்றிப் பேசவைத்தார். நல்ல வழிதான். ஆனால் சின்ன ஊரில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ரகசியம் நிற்காது. "பட்டாசுன்னா காதைப் பொத்திக்கிட்டு ஓடுற பையன்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. அதற்காக ஆலோசகர் வாயே திறக்காவிட்டால், அவர் கணிப்பு தப்பும்போது பிடித்து நிறுத்த ஆளில்லை. நஷ்டம் பையனுக்கு.

குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தாலும் ஆறுதல்தான் மிஞ்சும். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதிய டேமியன் மில்ட்டன், தானே ஆட்டிசம் உள்ளவர். அப்படி ஒருவர் குழுவில் இருந்தே ஆக வேண்டும்.

அதற்கும் முன்னால், அம்மாவிடம் மட்டுமல்ல, பையனிடமும் கேட்க வேண்டும்: "உன்னைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட யோசனை கேட்கலாமாப்பா?" பதிலை அவன் தரையைப் பார்த்தே சொல்லட்டும்.