நிதானம் நஷ்டமல்ல

 

நம் கடைகளிலே நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் சரக்கு விலையைப் பற்றிப் பேசுவோம். இப்போது ரோட்டைப் பற்றிப் பேசுகிறோம். ஐம்பதில் போன பாதையை நாற்பதாக்கி விட்டார்கள், நாற்பதை முப்பதாக்கி விட்டார்கள், மாட்டு வண்டிக் காலம் திரும்பி விட்டது என்று அலுத்துக் கொள்கிறோம். போதாக்குறைக்கு, 2026 ஜனவரி முதல் வேகக் குற்றங்களுக்குத் தண்டனையும் கூட்டி விட்டார்கள். இந்த அலுப்பில் நாமும் பங்குள்ளவரே. ஆகவே இது பிறருக்குச் செய்யும் உபதேசமல்ல. முதலில் நமக்கு நாமே சொல்லிக் கொள்வது.

நடந்ததைச் சொல்லி விடுகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு, ஜும்ஆவுக்கு நேரமாகி விட்டதே என்ற பதைப்பில் ஓர் அடுக்குமாடிப் பேட்டைக்குள் குறுக்கு வழியாக வேனை விட்டோம். முதியோருக்காக ‘சில்வர் ஸோன்’ என்று வகுத்த தெரு அது. பலகையில் நாற்பது என்றிருந்தது. நாம் ஐம்பதையும் தாண்டியிருந்தோம். தள்ளுவண்டியோடு ஒரு சீனக் கிழவி பாதி ரோட்டில் இருந்தாள். பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் மூட்டைகள் சரிந்தன. அவளுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்திருக்கும். அந்தக் கிழவி நம்மைத் திட்டவில்லை. தான் ஏதோ தவறு செய்து விட்டது போலக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு மெல்ல நகர்ந்தாள். பள்ளிவாசலில் ஒளு செய்யும்போது நம் கை நடுங்கியது. இமாம் குத்பாவில் என்ன சொன்னார் என்பது இன்றுவரை நினைவில்லை.

சகோதரர்களே! எதற்காக விரைந்தோம்? தொழுகைக்காக. அந்தத் தொழுகைக்கே எப்படி வரவேண்டுமென்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இகாமத்துச் சொல்லக் கேட்டாலும் ஓடி வராதீர்கள், அமைதியோடு நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுங்கள், தவறியதைப் பிறகு நிறைவேற்றுங்கள் என்பது அந்த ஹதீஸின் கருத்து. மதரஸாவில் உஸ்தாதின் பிரம்புக்குப் பயந்து நாம் மனனம் செய்த பாடம் அது. நாவில் நின்றது, காலுக்கு இறங்கவில்லை. அல்லாஹ்வின் தொழுகைக்கே ஓட்டம் கூடாதென்றால், வெங்காய மூட்டைக்கு ஓட்டம் எப்படி ஆகும்?

ஹஜ்ஜத்துல் விதாவிலே அரஃபாவிலிருந்து ஜனத்திரள் புறப்பட்டபோது, பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாகச் செல்லுங்கள், விரைவதில் நன்மை இல்லை என்றார்கள். தம் ஒட்டகத்தின் கடிவாளத்தையும் இழுத்துப் பிடித்துக் கொண்டார்கள். ஆனால் வழியில் இடைவெளி கண்டபோது சற்று விரைந்தும் சென்றார்கள் என்று ஹதீஸில் வருகிறது. இதிலிருந்து என்ன விளங்குகிறது? வேகம் ஹராமல்ல. திறந்த வழியில் விரையலாம், ஜனங்கள் நடமாடும் இடத்தில் கடிவாளத்தை இழுக்க வேண்டும். விரைவுச் சாலைக்கு ஒரு வேகமும் பேட்டைத் தெருவுக்கு ஒரு வேகமும் வைத்திருப்பது இந்த முறைதானே!

நாம் வியாபாரிகள். நமக்குக் கணக்குச் சொன்னால்தான் மனம் ஒப்பும். சரி, பேரேட்டைத் திறப்போம்.

அரை கிலோமீட்டர் தெருவை ஐம்பதில் கடக்க 36 வினாடி. நாற்பதில் கடக்க 45 வினாடி. நஷ்டம் ஒன்பது வினாடி. முப்பதில் போனாலும் 60 வினாடிதான். நஷ்டம் 24 வினாடி. ஒரு நாளைக்குப் பத்து நடை போனாலும் முதற்கணக்கில் ஒன்றரை நிமிஷம், இரண்டாவதில் நாலு நிமிஷம். ஒரு கிளாஸ் தே தாரிக் குடிக்கும் நேரம் கூட இல்லை.

இனி எதிர்ப்பக்கம் பாருங்கள். ஆபத்தைக் கண் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடியாவது ஆகும். ஐம்பதில் போகும் வண்டி அந்த ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். முப்பதில் போகும் வண்டி, காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் இருந்தால், ஏறக்குறைய 13 மீட்டருக்குள் நின்றே விடும். அதாவது ஒருவன் வண்டியை நிறுத்தி முடித்த இடத்தில், மற்றவன் இன்னும் பிரேக்கையே தொடவில்லை! அந்த இடத்தில் ஒரு கிழவி நின்றால் என்னாகும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. சிங்கப்பூர் ரோடுகளில் 2023இல் 136 பேரும் 2024இல் 142 பேரும் மாண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது.

சில்வர் ஸோன் திட்டம் 2014இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2009 முதல், முதியவர்கள் கம்பத்தில் அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு 3 முதல் 13 வினாடி வரை கூடுதலாக எரியும் ஏற்பாடு வந்து விட்டது. தள்ளாத கால்களுக்கு அரசாங்கம் வினாடிகளைத் தானமாகக் கொடுக்கிறது. ரோட்டில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்த நாம், ஒன்பது வினாடிக்குக் கணக்குப் பார்க்கிறோம், நாமே இடையூறாகிறோம்.

வேண்டுமென்றா இடித்தேன், தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாம். தவறுதலாக ஓர் உயிர் போனாலும் மார்க்கம் அதைச் சும்மா விடவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும், அடிமையை விடுதலை செய்வதும், அதற்கு வழியில்லையேல் தொடர்ந்து இரண்டு மாத நோன்பும் திருமறை விதித்த பரிகாரம். ஆலிம்களிடம் கேட்டுப் பாருங்கள். அறுபது நாள் நோன்பை நினைத்தால் ஒன்பது வினாடி பெரிதாகத் தோன்றாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வேகமாக ஓட்டுபவன் மட்டும் குற்றவாளியல்ல. கல்லாவில் உட்கார்ந்து கொண்டு, “எங்கே நிற்கிறாய்? இன்னுமா வரவில்லை?” என்று டிரைவர் பையனுக்கு நிமிஷத்துக்கொரு போன் போடும் முதலாளியின் காலும் அந்த முடுக்கியின் மேல்தான் இருக்கிறது. சம்மன் வந்தால் பையனின் சம்பளத்தில் பிடிக்கிறோம். மறுமையில் யார் கணக்கில் பிடிக்கப்படும்?

குறை இருக்கலாம். அகன்ற ரோட்டில் காரணமின்றி வேகத்தைக் குறைத்திருப்பதாகத் தோன்றினால், நம் சங்கத்தின் மூலம் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு மரியாதையாக எழுதுவோம். அதற்கு வழி உண்டு. ஆனால் பலகை மாறும்வரை பலகைக்குக் கட்டுப்படுவோம். லைசென்ஸ் வாங்கியபோது நாம் ஒப்புக் கொண்ட உடன்படிக்கை அது. உடன்படிக்கையை நிறைவேற்றுவது முஃமினின் கடமை.

நாம் செய்திருப்பது இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமைச் சரக்கை வியாழன் மாலைக்கு மாற்றினோம். பையனுக்கு ஒவ்வொரு நடைக்கும் பத்து நிமிஷம் கூட்டிக் கொடுத்தோம். வண்டி ஓடும்போது போன் செய்வதை விட்டோம். வியாபாரம் குறையவில்லை, அல்ஹம்து லில்லாஹ். நீங்களும் செய்து பாருங்கள்.

அந்தக் கிழவியின் பெயர் நமக்குத் தெரியாது. அவள் மொழியும் தெரியாது. அவள் உயர்த்திய கை மட்டும் அந்தத் தெருவில் திரும்பும்போதெல்லாம் கண்முன் வருகிறது. கால் தானாகத் தளர்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் காப்பாயாக. எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தும், எங்கள் நடையிலும் வண்டியிலும் நிதானமும் தந்தருள்வாயாக. ஆமீன்.