கண்டியில் ஒலித்த குரல்

1803 பெப்ரவரியில், மலைவழியில் இருந்த கலகெதரக் காவலரணைப் பிடித்துத்தான் பிரித்தானியப் படையின் ஒரு பிரிவு கண்டியை நோக்கி ஏறியது. வல்லரசின் துப்பாக்கிக்கு முன் சிறிய நாடு படும் பாட்டை இந்த மலைவழி பார்த்திருக்கிறது.

1954இல் இந்தோசீனப் போர் உச்சத்தில் இருந்தபோது, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களை, விடுதலை பெற்று ஆறே ஆண்டுகளான இலங்கை அழைத்தது. ஏப்ரல் 28இல் கொழும்பில் தொடங்கிய மாநாடு அதே கண்டியிலும் கூடியது. உடனே போரை நிறுத்துங்கள், ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளை நிறுத்திவையுங்கள் என்று கேட்டார்கள். வல்லரசுகளுக்கு ஈடான படைபலம் அவர்களிடம் இல்லை, ஆனாலும் கேட்டார்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்தம் உடன்பாடானது. அதைக் கண்காணித்த ஆணைக்குழுவுக்கு இந்தியாவே தலைமை தாங்கியது.

ஆனால், உலகத்திடம் நீதி கேட்ட அதே ஆண்டில், இங்கே தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர்களாக இருந்தார்கள். அவர்களில் நாடற்றவர்களாகவே எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.