வெற்றி யாருக்குச் சொந்தம்?

போர் முடிந்ததும் வென்றவர் நாணயம் அடிப்பது பழைய வழக்கம். கோதாவரிக் கரையிலுள்ள தவளேசுவரத்தில் கிடைத்த சோழர் பொற்காசுகளில் ‘கங்கைகொண்ட சோழன்’, ‘மலைநாடு கொண்ட சோழன்’ என்ற எழுத்துகள் உள்ளன. மலைநாடு என்பது சேரநாடு. சோழரை வென்ற பாண்டியர் தம் செப்புக்காசில் ‘சோணாடு கொண்டான்’ என்று பொறித்தனர். யூதர் நாடான யூதேயா வீழ்ந்த பின் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அடித்த காசுகளில், பேரீச்சமரத்தடியில் ஒரு பெண் அழுதபடி உட்கார்ந்திருக்கிறாள். தோற்ற நாட்டின் உருவம் அவள்.

வெற்றித்தூண் நட்ட இடத்தில் நிற்கும். பார்க்க மனமில்லாதவர் வேறு தெருவில் போகலாம். நாணயத்துக்கு அப்படி விலகிப் போக வழியில்லை. மகனைப் பறிகொடுத்தவளும் அதைக் கொடுத்துத்தான் அரிசி வாங்க வேண்டும். கி.பி. 132இல் பார் கொக்பா தலைமையில் ரோமை எதிர்த்து எழுந்த யூதர்கள், புழக்கத்திலிருந்த ரோமக் காசுகளையே எடுத்து, பேரரசரின் முகத்தின் மேல் தங்கள் ஆலயத்தின் முகப்பை அடித்தார்கள். அண்மைக் காலத்துச் சான்று தமிழருக்கு மிக அருகில் இருக்கிறது. ஈழத்தில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலேயே இலங்கை மத்திய வங்கி 1,000 ரூபாய் நினைவுத்தாள் ஒன்றை வெளியிட்டது. ஒரு பக்கம் அன்றைய குடியரசுத் தலைவர் மகிந்த ராஜபக்ச. மறுபக்கம் கொடியேற்றும் படைவீரர்கள். அமைதியையும் வளத்தையும் அந்தத் தாள் போற்றியது. அது யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் செல்லும் பணம்.

வென்றவர் காசு அடிக்கும் இந்த வழக்கத்தின் வேரில் சமயம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று இருக்கிறது: வெற்றி வென்றவனுக்குச் சொந்தமா? கேன உபநிடதம் இதை ஒரு கதையாகச் சொல்கிறது. அசுரரை வென்ற தேவர்கள் அந்த வெற்றி தங்களுடையது என்று பெருமிதம் கொள்கிறார்கள். அப்போது அவர்கள் முன் ஒரு யட்ச உருவம் தோன்றி ஒரு துரும்பைப் போடுகிறது. அக்கினியால் அதை எரிக்க முடியவில்லை. வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் நெருங்கும்போது யட்சன் மறைந்துவிட, அங்கே தோன்றிய உமை, வந்தது பிரம்மம் என்றும் தேவர்கள் கொண்டாடிய வெற்றி அதனுடையது என்றும் தெளிவுபடுத்துகிறாள்.

இந்த எண்ணத்தை ஓர் அரசு தன் ஆட்சிமுறையாகவே அறிவித்த இடம் திருவனந்தபுரம். 1729இல் திருவிதாங்கூரில் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, 1741இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் தோற்கடித்தார். குளச்சல் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பிடிபட்ட, கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் பெற்றார். வடக்கே சிறு நாடுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், மார்த்தாண்ட வர்மா பத்மநாபசுவாமி கோயிலில் ஒற்றைக்கல் மண்டபத்தில் உடைவாளை வைத்து, வென்ற பகுதிகளையும் சேர்த்துத் தம் நாடு முழுவதையும் பெருமாளுக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று பெயர் பெற்ற அந்தச் சடங்குக்குப் பின் அரசர் ‘பத்மநாபதாசர்’ ஆனார். நாடு இறைவனுடையது, அரசன் அவனுக்கு ஊழியன்.

இது பக்தியா, அரசியலா என்று வரலாற்றாசிரியர்கள் விவாதித்து வந்திருக்கிறார்கள். எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்களை ஒழித்துக்கட்டி, கோயில் நிர்வாகத்தில் இருந்த எட்டரை யோகம் என்ற குழுவின் அதிகாரத்தை ஒடுக்கிய அரசருக்கு, நாட்டை இறைவன் பெயரில் வைப்பது பெரிய அரணாக இருந்தது. அதன் பின் கலகம் செய்பவன் அரசனுக்கு மட்டுமல்ல, பெருமாளுக்கும் துரோகி. வாளின் வேலையைச் சடங்கு நிறைவு செய்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அரசியல் லாபம் கிடைத்தது என்பதாலேயே ‘பத்மநாபதாசர்’ என்ற சொல்லின் பொருள் பொய்யாகிவிடாது. ‘நான் கொண்டேன்’ என்று பொறிக்கும் அரசனுக்கும் ‘இது என்னுடையதல்ல’ என்று எழுதிக் கொடுக்கும் அரசனுக்கும் வேறுபாடு உண்டு. பின்னவனைக் கணக்குக் கேட்க ஒருவர் மேலே இருக்கிறார்.

அந்த வேறுபாடு காசிலும் தெரிந்தது. திருவிதாங்கூரின் வெள்ளிச் சக்கரம் பயறளவே இருந்த சிறு நாணயம். கையால் எண்ணி மாளாது என்று, வரிசை வரிசையாகக் குழிகள் கொண்ட சக்கரப்பலகையில் கொட்டிக் குலுக்கி, குழிகள் நிரம்பியதும் மிச்சத்தை வழித்துவிட்டு எண்ணுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அடித்த காசுகளில் நிலையாக இடம்பெற்றது பத்மநாபனின் சங்கு. துலாபுருஷதானம் என்ற சடங்கில் அரசர் பொன்னுக்கு எதிராகத் தராசில் அமர்வார். தானமாகக் கொடுக்க அடித்த துலாபாரக் காசிலும் ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் ‘ஸ்ரீபத்மநாப’ என்ற மலையாள எழுத்து. அரசர் தம்மையே நிறுத்து வழங்கிய பொன்னிலும் அவர் முகம் இல்லை. கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில்தான் செம்புச் சக்கரத்தில் அரசர் உருவம் ஏறியது; அப்போதும் மறுபக்கத்தில் சங்கு இருந்தது.

வெற்றியை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டால், போரில் சிந்திய இரத்தமும் அவன் கணக்கில் ஏறிவிடுமா? திருப்படிதானத்தின் மிகக் கடினமான கேள்வி இதுதான். வென்றது இறைவன் என்றால் கொன்றதும் இறைவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. திருவனந்தபுரத்து மரபு அந்த வழியில் போகவில்லை. போரில் நேர்ந்த பாவத்துக்குக் கழுவாயாக மார்த்தாண்ட வர்மா பத்ரதீபம், முறைஜபம் என்ற சடங்குகளை ஏற்படுத்தினார் என்றே அது சொல்லிவருகிறது. நாடும் புகழும் பெருமாளுக்கு, பாவம் அரசனுக்கு. வெற்றியை விட்டுக்கொடுப்பது எளிது, பழியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அரிது. திருப்படிதானத்துக்குச் சமய மதிப்பு உண்டென்றால், அதைத் தருவது இந்த இரண்டாம் பாதிதான்.

இந்திய அரசும் போர் நினைவாகக் காசு அடித்திருக்கிறது. 1965 போரின் பொன்விழாவுக்காக 2015இல் வந்த 5 ரூபாய் நாணயத்தில் இருப்பது அமர் ஜவான் சின்னம். அதில் எந்தத் தலைவரின் முகமும் இல்லை, தோற்றவரின் உருவமும் இல்லை. அந்தச் சின்னத்தில் இருப்பவை இறந்த வீரனின் துப்பாக்கியும் தலைக்கவசமும். போர் நினைவுக்குக் காசு அடித்தே ஆக வேண்டுமென்றால் இதுவே தகுந்த முறை.

மார்த்தாண்ட வர்மா கழுவாயாக ஏற்படுத்திய முறைஜபம் இன்றும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் வேதபாராயணமாக நடந்து, மகர சங்கராந்தியன்று லட்சதீபத்துடன் முடிகிறது. 2020 ஜனவரியிலும் பத்மநாபசுவாமி கோயிலில் லட்சதீபம் ஏற்றினார்கள்.