அந்த அம்மா கேட்ட கூலி

பி.காம். படித்தவனுக்கு மூன்று வருஷத்தில் ஒரே ஒரு தத்துவம்தான் சொல்லித் தருகிறார்கள். முதலில் குறிப்பேடு, அப்புறம் பேரேடு. அன்றன்றைக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் அதனதன் கணக்கில் எடுத்தெழுத வேண்டும். வாடகை, சம்பளம், வண்டிச் சத்தம் என்று தனித்தனிப் பக்கம். முதலாளி தன் மச்சான் வீட்டுக் கல்யாணத்தில் வைத்த மொய், சொந்த எடுப்பா, வியாபாரச் செலவா? குறிப்பேட்டுக்கு அந்தக் கவலை இல்லை. தேதியும் தொகையும் போதும். பேரேட்டுக்கு வரும்போதுதான் யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். ஆடிட்டர் வந்ததும் மூக்கை நுழைப்பது அங்கேதான்.

இந்த வாரம் எதற்குக் கணக்குப் பாடம் என்கிறீர்களா? செல்போனில் பைபிள் தேடுகிறவர்களைப் பற்றி எழுதப் போகிறேன்.

பைபிள் அடிப்படையில் ஒரு குறிப்பேடு. சண்டை, பஞ்சம், வம்ச வரலாறு, பாட்டு, கடிதம் எல்லாம் கலந்து கிடக்கும். 'கோபம்', 'கடன்', 'பக்கத்து வீட்டுக்காரன்' என்று தலைப்புப் போட்டு அடுக்கிய புத்தகம் இல்லை அது. நம்ம வள்ளுவர் கெட்டிக்காரர். 133 தலைப்பு, தலைப்புக்குப் பத்து என்று பேரேடாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். பைபிளுக்கு அந்த வேலையைப் பின்னால் வந்தவர்கள் செய்ய வேண்டியிருந்தது.

சுமார் 1230-ல் பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் மடத்தில், ஹியூ என்பவர் தலைமையில் லத்தீன் பைபிளின் சொற்களை அகரவரிசைப்படுத்தினார்கள். வசன எண்களெல்லாம் அப்போது கிடையாது. ஒவ்வொரு அதிகாரத்தையும் ஏழு துண்டாகப் பாவித்துக்கொண்டு, ஏ முதல் ஜி வரை எழுத்துப் போட்டு இடம் குறித்தார்கள். 500 துறவிகள் உழைத்ததாகச் சொல்வார்கள். இந்த மாதிரிக் கணக்குகள் எப்போதுமே கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். 1737-ல் லண்டன் புத்தக வியாபாரி அலெக்சாண்டர் க்ரூடன், ஏறக்குறையத் தனியாளாக ஆங்கில பைபிளுக்கு இதைச் செய்து முடித்தார். அவரை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மனநோய் விடுதியில் அடைத்திருக்கிறார்கள். வயதான காலத்தில் கையில் ஸ்பாஞ்சோடு, லண்டன் சுவர்களில் தனக்குப் பிடிக்காததை அழித்துக்கொண்டே நடப்பாராம். அந்த மனிதரின் அகராதியை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை!

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதை ஒத்தவாக்கிய அகராதி என்பார்கள். இன்றைக்கு அது சட்டைப்பையில் இருக்கிறது. 2000-ல் வந்த இ-ஸ்வேர்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேர்கள், 2008-க்குப் பிறகு செல்போன் செயலிகள். ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு நொடியில் பட்டியல்.

தமிழில் தட்டுவதில் மட்டும் சில தமாஷ்கள் உண்டு. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரத்தை' எல்லாம் நழுவிவிடும். 'கல்' என்று தேடினால் பகலும் வரும், கல்யாணமும் வரும். தவிர, நீங்கள் தட்டுகிற சொல்லே நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறீர்கள் என்று காட்டிக் கொடுத்துவிடும். பழைய மொழிபெயர்ப்பில் 'கிருபை' என்றிருப்பது 1995-ல் வந்த திருவிவிலியத்தில் 'அருள்'. அங்கே 'சுவிசேஷம்', இங்கே 'நற்செய்தி'.

இதெல்லாம் நாளைக்கே சரியாகிவிடும். எனக்குக் கவலை வேறு.

கம்பம் பள்ளத்தாக்கு உங்களுக்குத் தெரியும். முல்லைப் பெரியாறு தண்ணீர், தென்னை, வாழை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையான்பட்டி பக்கம் போனால் பந்தல் பந்தலாகப் பன்னீர் திராட்சை. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டார்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்த ரகத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆக, பைபிளில் பக்கத்துக்குப் பக்கம் வரும் திராட்சைத் தோட்டம் இந்த ஊர்க்காரர்களுக்கு உவமை இல்லை. காலையில் போய் நிற்கிற இடம்.

அங்கே ஒரு சின்ன சபை. போதகருக்கு அறுபது தாண்டியிருக்கும். சபையில் பாதிப் பேர் தோட்டக் கூலிகள். நாலைந்து பேர் தோட்டக்காரர்கள். ஒருநாள் ஆராதனை முடிந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

"ஐயா, ஆம்பளைக்கு ஒரு கூலி, பொம்பளைக்கு ஒரு கூலின்னு வேதத்துல எங்கயாச்சும் இருக்கா?"

சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அது பந்தலுக்குக் கீழே எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த அம்மா சட்டத்தைக் கேட்கவில்லை. தோட்டக்காரரும் தானும் ஒரே புத்தகத்தை நம்புகிறோமே, அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.

"ராத்திரி உக்காந்து போன்ல 'கூலி'ன்னு அடிச்சேன் தம்பி" என்றார் போதகர். வந்தது. பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடு என்கிற உபாகமம் 24 வந்தது. கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்கிற யாக்கோபு நிருபம் வந்தது. ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்த தோட்டக்காரரின் உவமை, மத்தேயு 20, வந்தது. யாக்கோபின் ஊதியத்தைப் பத்துத் தடவை மாற்றிய மாமனார் லாபான் வரவில்லை. அங்கே சொல் 'சம்பளம்'. ஆண், பெண் பேச்சு எதிலும் இல்லை.

விடாமல் சொல்லை மாற்றி மாற்றித் தேடியதில் லேவியராகமம் 27 மாட்டிக்கொண்டது. வயது வந்த ஆணுக்கு மதிப்பு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30!

அது கூலி விவகாரமே இல்லை. ஒருவரைக் கடவுளுக்கு நேர்ந்துகொண்டால் அதற்கு ஈடாகக் கோயிலுக்குக் கட்டவேண்டிய தொகை. ஆனால் தேடல் பட்டியலில் அது ஒரு வரியாகத்தான் நிற்கும். முன்னும் பின்னும் இருக்காது. யாராவது தோட்டக்காரர் அந்த ஒரு வரியைப் படித்தால் அவருக்கு அது போதும்.

போதகர் அதைப் பேசவில்லை. அவர் எடுத்தது எண்ணாகமம் 27. செலொப்பியாத் என்பவர் ஆண் வாரிசில்லாமல் செத்துப்போகிறார். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து பெண்கள். மோசேக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நின்று, எங்கப்பா காணியை எங்களுக்குக் கொடு என்கிறார்கள். மோசே மேலிடத்தில் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று பதில் வருகிறது. 'கூலி' என்று தேடினால் இந்தக் கதை வராது. "சின்ன வயசுல எங்கம்மா சொன்னது. போன் சொல்லல" என்றார்.

பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே பின் வரிசையில் ஒரு தோட்டக்காரர் போனை எடுத்து 'செலொப்பியாத்' என்று தட்டிவிட்டார். 36-ஆம் அதிகாரம் வந்து நின்றது. அதே குடும்பத்துப் பெரியவர்கள் வந்து, இந்தப் பெண்கள் வேற்றுக் கோத்திரத்தில் கல்யாணம் பண்ணினால் நிலம் கைமாறிப் போகுமே என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கட்டவேண்டும் என்று முடிவாகிறது. ஆராதனை முடிந்ததும், "ஐயா, மீதியையும் வாசிச்சிருக்கலாமே" என்றாராம்.

நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துப் பிரசங்கியாருக்கு இந்த ஆபத்து குறைவு. இப்போது பின் வரிசையில் ஆடிட்டர் உட்கார்ந்திருக்கிறார். அது நல்லதுதான் என்பேன். ஆனால் இருவரும் செய்தது ஒன்றேதானா? போதகரும் தனக்கு வேண்டிய பதிவை எடுத்தெழுதினார், தோட்டக்காரரும் எழுதினார், கணக்கு சரியாப் போச்சு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கில் ஒரு பதிவு இடம் மாறியிருந்தால், அதனால் யாருக்கு லாபம் என்று முதலில் பார்ப்பார்கள். போதகருக்கு அந்த வசனத்தால் ஒரு ரூபாய் லாபமில்லை. தோட்டக்காரர் கோபித்துக்கொண்டால் காணிக்கை குறையும். தோட்டக்காரர் எடுத்த வசனம் நேராக அவர் கல்லாவுக்குப் போகிறது. இதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. 36-ஆம் அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. போதகரும் அதை வாசித்திருக்க வேண்டும். வாசித்துவிட்டு, இது கூலியைப் பற்றி இல்லை என்றும் சொல்லியிருக்க வேண்டும். லேவியராகமத்து 50, 30-ஐயும் அப்படியே. அந்த அம்மா கேட்டது 'வேதத்துல இருக்கா' என்றுதானே?

குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கோட்டயம். அங்கே 1916-ஆம் வருஷத்துத் திருவாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. வேதம் வாசிக்காத வீடே இல்லாத சமூகம் அது. எண்ணாகமம் 27 எல்லோர் வீட்டு அலமாரியிலும் இருந்தது. மேரி ராய் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1986-ல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. எழுபது வருஷமாக அந்தப் பக்கத்தைத் தேட யாருக்கும் அவசியம் வரவில்லை.

கூலி ஏறியதா என்று கேட்டேன். "இல்ல தம்பி. ஆனா அந்தம்மா இப்போ, 36-ல கூலியப் பத்தி எங்கய்யா இருக்குன்னு அந்தத் தோட்டக்காரரையே கேக்குது" என்றார்.

சரி, தேடினால் வராதவை என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். லூக்கா 15-ல் ஊதாரி மகன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கி அழித்துவிட்டுத் திரும்புகிறவனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். மன்னிப்பைப் பற்றி இதைவிடப் பெரிய கதை அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதில் 'மன்னிப்பு' என்ற சொல் இல்லை. நம்ம திருக்குறளில் 'தமிழ்' என்ற சொல் இல்லை. அதற்காக...?

ராபர்ட்டோ பூசா என்ற இத்தாலியப் பாதிரியார், 1940-களில் தாமஸ் அக்வினாஸ் நூல்களில் 'பிரசன்னம்' என்ற கருத்தை ஆராய்ந்தார். 'பிரசன்னம்' என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களைத் தேடினார். விஷயம் அங்கே இல்லை. 'இன்' என்கிற துக்கடாச் சொல்லில் இருந்தது. அதற்காகவே கையால் பத்தாயிரம் அட்டைகள் எழுதினார். 1949-ல் ஐ.பி.எம். வாசலில் போய் நின்றார். இன்றைய கம்ப்யூட்டர் தேடலின் மூதாதையரில் அவரும் ஒருவர். தமிழில் அந்த 'இன்'னுக்குச் சமானம், சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'இல்' உருபு. அதை எந்தப் பெட்டியில் தட்டித் தேடுவது?

எல்லாவற்றையும்விட விசேஷம் எஸ்தர் புத்தகம். ஓர் இனத்தையே ஒழிக்க நாள் குறித்தாயிற்று. ஒரு பெண் உயிரைப் பணயம் வைத்து ராஜா முன்னால் போய் நிற்கிறாள். மக்கள் பிழைக்கிறார்கள். எபிரேய மூலத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடவுள் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. பைபிளுக்குள்ளேயே இப்படி ஒரு புத்தகம்! கிரேக்கத்துக்குப் போனபோது அந்தக் குறை தீர்ந்தது. எஸ்தரின் ஜெபம், மொர்தெகாயின் ஜெபம் என்று நீண்ட பகுதிகள் சேர்ந்தன. அவற்றில் கடவுள் பெயர் தாராளமாக வருகிறது. கத்தோலிக்கர் வைத்திருக்கும் பைபிளில் அந்தக் கிரேக்க எஸ்தர் உண்டு, புராட்டஸ்டன்ட் சபைகளில் கிடையாது. ஆக, ராயப்பன்பட்டியில் ஒரு வீட்டில் தேடினால் பட்டியல் வரும். நாலு மைல் தள்ளி இன்னொரு வீட்டில், எபிரேயத்தை ஒட்டிய எஸ்தரில், அதே தேடல் பூஜ்யம் காட்டும்.